கடதாசிக் கடற்றொழிலாளியும் ஒரு பாய்மரமும்

1

பிரான்சுக்கு வந்து முப்பது வருடம் முடிந்த அன்று வீட்டில் கேக் வெட்டினோம். ஏன் என்று கேட்காதீர்கள். பாரிசில் லாச்சப்பல் தமிழர்களாகிய நாங்கள் எதற்கும் கேக் வெட்டுவோம். பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்கு வெட்டுவோம், விசா கிடைத்தால் வெட்டுவோம், விசா கிடைக்காதவனின் மனத்தைத் தேற்றவும் வெட்டுவோம். ஊரில் இருக்கும் நீங்கள் வாட்ஸப்பில் படத்தைப் பார்த்துவிட்டு, அவங்களுக்கென்ன என்று பெருமூச்சு விடுவீர்கள். தாராளமாக விடுங்கள். அதற்காகத்தானே அனுப்புகிறோம்.

அன்றைக்கு மகள் நிலானியும் வந்திருந்தாள். இருபத்தேழு வயது. ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. தனியாக இருக்கிறாள். நானும் மனைவி சுகந்தியும் தமிழில் கேட்போம், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். இரண்டு வானொலிகளை எதிரெதிரே வைத்ததுபோல இருபது வருடமாக எங்கள் குடும்பம் இப்படித்தான் நடக்கிறது. இந்தக் குறிப்பில் அவள் ஒழுங்கான தமிழில் பேசினால் அது பிரெஞ்சு என்றும், தட்டுத்தடுமாறிப் பேசினால் அது தமிழ் என்றும் கொள்ளுங்கள்.

கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே போனை என் முன்னால் வைத்தாள். அதில் ஒரு பாய்ப்படகு.

“பழைய போட்டிப் படகு. நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து வாங்கினோம். பாரிசுக்கு வெளியே ஆர்ஜொந்தெயில், ஆற்றில் நிற்கிறது. கோடையில் கடலுக்குக் கொண்டுபோகப் போகிறோம்” என்றாள்.

“நல்லது பிள்ளை” என்றேன். வேறு என்ன சொல்ல?

“பாய்மரத்தின் உச்சியிலிருந்து பின்பக்கத்துக்கு ஒரு உருக்குக் கம்பி வரும். மரம் முன்னால் சாயாமல் அதுதான் பிடித்திருக்கும். காற்றுக்கு ஏற்றமாதிரி அதை இறுக்கவும் இளக்கவும் வேண்டும். அதற்கு ஹைட்ரோலிக் பூட்டப்போகிறோம். சாமான் எல்லாம் வந்துவிட்டது. பூட்டத் தெரிந்த ஆள்தான் இல்லை.” பிறகு என் தோளில் கையைப் போட்டாள். “ஹைட்ரோலிக் உங்கள் இப்போதைய தொழில். படகு உங்கள் பழைய தொழில். உங்களை விட்டால் வேறு யார் அப்பா?”

சுகந்தி எழுந்து குசினிக்குள் போய்த் தண்ணீர்க்குழாயைத் திறந்துவிட்டாள். சிரிப்புச் சத்தம் வெளியே கேட்காமலிருக்க அவள் செய்யும் வேலை அது.

2

முதலில் உண்மையான தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பாரிசின் புறநகர் ஸ்தேனில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். சாமான் ஏற்றும் லொறிகளின் பின்பக்கத்தில் ஏறி இறங்கும் ஒரு பலகை இருக்குமே, அதைத் திருத்துவது. எண்ணெயை அழுத்தத்தில் ஏற்றி, ஒரு குழாய்க்குள் இருக்கும் தண்டை வெளியே தள்ளும் கருவிக்குப் பிரெஞ்சில் ‘வெறான்’ என்று பெயர். என் கைகளை எத்தனை முறை கழுவினாலும் வெறான் எண்ணெய் வாசம் போகாது.

கடற்றொழில் கதை வேறு.

நான் இலங்கையில் சுன்னாகத்துக்காரன். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கிணறு. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடிக்க வேண்டும். பார்த்த நாட்களிலும் முழங்காலுக்கு மேலே நான் போனதில்லை. ஆனால் நான் பாரிசுக்கு வந்து இறங்கிய வாரத்தில், அகதி விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் பரம் அண்ணையிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்று காலையில் அவர் கடற்கரைக் குருநகர்க்காரர் ஒருவருக்குக் கேஸ் எழுதியிருக்கிறார். அடுத்தது நான். முதல் பக்கத்தைப் பார்த்து அப்படியே எழுதியவர் பெயரை மாற்றினார், ஊரை மாற்றினார், தொழிலை மாற்ற மறந்துவிட்டார். ‘பெஷர்’ என்று இருந்தது. பெஷர் என்றால் மீன் பிடிப்பவன். எனக்கு அப்போது பிரெஞ்சில் தெரிந்த ஒரே சொல் ‘மெர்சி’. அதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

விஷயம் எனக்குத் தெரியவந்தபோது விண்ணப்பம் தபாலில் போய்விட்டது. “இப்ப போய் மாத்தினா சந்தேகப்படுவாங்கள். கேட்டா ஓம் எண்டு சொல்லு” என்றார் பரம் அண்ணை. கேட்டார்கள். ஓம் என்றேன். அன்று தொட்டு நான் கடற்றொழிலாளி.

ஒரு தரம் சொன்ன பொய் ஒரு கடதாசியோடு நிற்காது. அடுத்த கடதாசியும் அதையே கேட்கும். நிலானி பிறந்தபோது பதிவதற்கு மாநகரசபைக்குப் போனேன். தகப்பனின் தொழில் என்ன என்று அங்கே பதிவெழுதிய அம்மா கேட்டாள். பழைய கடதாசியும் புதிய கடதாசியும் முரண்பட்டால் விசாவை வெட்டிவிடுவார்கள் என்று பயம். “பெஷர்” என்றேன். அவள் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தாள்.

“பாரிசிலா? எங்கே பிடிக்கிறீர்கள், ஸ்டாலின்கிராட் மெட்ரோவுக்குப் பக்கத்துக் கால்வாயிலா?”

“ஓம்” என்றேன். அப்படித்தான் என் மகளின் பிறப்புப் பத்திரத்தில் அது ஏறியது.

பத்து வயதில் அந்தப் பத்திரத்தை நிலானி வாசித்தாள். வாசித்த வாரமே பள்ளிக்கூடத்தில் ‘என் தந்தை’ என்று கட்டுரை எழுதினாள். ஆனால் பெஷர் என்ற சொல்லில் ஒரு எழுத்துக்குமேல் கூரைமாதிரி ஒரு குறி போட வேண்டும். அதைப் போடாமல் வேறு குறியைப் போட்டுவிட்டாள். அப்படி எழுதினால் பாவி என்று பொருள். ‘என் தந்தை ஒரு பாவி. இலங்கையில் தினமும் அதிகாலையில் எழுந்து பாவியாக இருந்தார்.’ ஆசிரியை சிவப்பு மையால் திருத்தி, பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் வரைந்திருந்தாள். திருத்தாமல் விட்டிருந்தால் அதுதான் சரியாக இருந்திருக்கும்.

அன்றே பிள்ளையிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் வாய் தவறிச் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். பிறகு எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. பயப்பட ஒன்றும் இல்லாமல் போனது. ஆனால் அதற்குள் இன்னொன்று நடந்திருந்தது. மகள் என்னைப் பார்க்கும் பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. லொறிப் பலகை திருத்துபவனுக்கு அந்தப் பார்வை கிடைக்காது. அதை இழக்க மனம் வரவில்லை.

3

பரம் அண்ணையைத் தேடிப் போனேன். கேஸ் எழுதும் தொழிலை அவர் விட்டுக் கனகாலம். லாச்சப்பலில் ஒரு தேத்தண்ணிக் கடையில், கண்ணாடியோரத்து மேசையில்தான் பகல் முழுக்க இருப்பார். றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணை, நீங்கள் செய்த வேலையால இப்ப நான் படகு ஏறப்போறன்” என்று விஷயத்தைச் சொன்னேன்.

மெல்லுவதை நிறுத்தவில்லை. “தம்பி, நான் உன்னை மந்திரி எண்டு எழுதியிருந்தாலும் நீ ஓம் எண்டுதான் சொல்லியிருப்பாய்.”

“மகளுக்கு என்ன சொல்லுறது?”

“ஏன் சொல்ல வேணும்? போய் வெறானைப் பூட்டிப்போட்டு இடுப்பு நோகுது எண்டு வந்துடு. இஞ்சை எத்தினை பேர் எத்தினையாய் இருக்கிறம். அங்கை பார்.” கடைக்கு வெளியே போன ஒருவரைக் கண்ணால் காட்டினார். “கடதாசியிலை அவர் பிறந்த தேதி அவரின்ரை தம்பியின்ரை. தம்பியோடை சேர்ந்துதான் பென்சன் எடுக்கப்போறார். ஆர் செத்தது?”

“எனக்கு நீந்தவே தெரியாது அண்ணை.”

“அது ஆறடா. கடலில்லையே.”

ஆறென்றால் ஆள் தாழமாட்டானா? அவருடைய தேத்தண்ணிக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

4

சனிக்கிழமை காலை சென்லசார் ஸ்டேஷனில் ரயில் எடுத்து, என் பட்டறை ஆயுதப் பெட்டியோடு ஆர்ஜொந்தெயில் இறங்கினேன். நிலானி வந்து கூட்டிக்கொண்டு போனாள். படகு, துறையில் கட்டியபடி ஆடிக்கொண்டிருந்தது. மேலே இருந்து பஸ்தியான் என்ற பொடியன் கை நீட்டினான். படகில் பங்குக்காரர்களில் ஒருவன். நல்ல உயரம், நல்ல பல்.

“உங்களைப் பற்றி நிலா நிறையச் சொல்லியிருக்கிறாள் ஐயா. இந்தியப் பெருங்கடல்!” என்றான்.

நான் படகில் கால் வைத்தேன். அது நகர்ந்தது. இரண்டு கையாலும் பஸ்தியானின் கழுத்தைப் பிடித்தேன். அவன் அதை அணைப்பு என்று நினைத்து என் முதுகில் தட்டினான்.

“இன்றைக்குக் காற்று எப்படி இருக்கும் ஐயா?” என்று மரியாதையாகக் கேட்டான். நான் ஒரு விரலை எச்சில்படுத்தித் தூக்கிப் பிடித்தேன். தொலைக்காட்சியில் பார்த்தது. “வரும்” என்றேன். நிலானி பெருமையோடு அவனைப் பார்த்தாள். நான் விரலைச் சட்டையில் துடைத்தேன்.

ஆனால் சாமான் வந்த பெட்டியைத் திறந்ததும் நான் வேறு ஆளாகிவிட்டேன். வெறான் முழங்கை நீளத்தில் பளபளவென்று இருந்தது. அதைப் பின்கம்பியின் கீழ்முனைக்கும் படகின் பின்பக்கத்து இரும்புக்கும் இடையில் பூட்ட வேண்டும். கம்பியில் அந்த அளவுக்கு வெட்டிக் குறைத்துப் புதிய முனை போட வேண்டும். கையால் அடிக்கும் பம்பை உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் பொருத்தி, இரண்டையும் ஒரு குழாயால் இணைக்க வேண்டும். லொறியும் இதுவும் ஒன்றுதான். லொறியில் வெறான் தள்ளும், இங்கே கம்பியை இழுக்கும். அவ்வளவுதான்.

நான் கம்பியை அளந்துகொண்டிருந்தபோது பஸ்தியான் கம்பியின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் ஆணியைக் கழற்றத் தொடங்கினான். நிமிர்ந்து பார்த்தேன். மர உச்சியிலிருந்து ஒரு கயிறு வந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கம்பிக்குப் பதிலாக மரத்தைப் பிடிக்க வேண்டிய கயிறு அது. அதை யாரும் கட்டவில்லை.

“அரேத்!” என்று கத்தினேன். நிறுத்தச் சொல்லிப் பட்டறையில் கத்துகிற குரல். பக்கத்துப் படகில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தவரும் கையைத் தூக்கிவிட்டார்.

“பாரத்தை வேறு எதிலாவது ஏற்றாமல் ஆணியைக் கழற்றக் கூடாது. அந்த மரம் உன் தலையில் விழுந்தால் உன் அம்மாவுக்கு நான் என்ன சொல்வது?” என்றேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில். பஸ்தியான் வெளுத்துப்போனான். கயிற்றைப் பின்னால் இழுத்து இறுக்கிக் கட்டினோம். நான் நாலு தரம் இழுத்துப் பார்த்தேன். பிறகுதான் ஆணியைத் தொட விட்டேன்.

மத்தியானத்துக்குள் எல்லாம் பூட்டியாயிற்று. எண்ணெய் விட்டு, குழாய்க்குள் இருந்த காற்றை மெல்ல மெல்ல வெளியேற்றினோம். நிலானி பம்பை அடித்தாள். அழுத்தம் காட்டும் முள் ஐம்பதுவரை ஏறியது. ஏறிவிட்டு, வேலை முடிந்து வீடு போகும் கந்தோர்க்காரன்போல ஆறுதலாக இறங்கியது.

“பம்ப் பழுது. திருப்பி அனுப்ப வேண்டியதுதான்” என்றான் பஸ்தியான்.

நான் குழாயின் வழியே விரலை ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு பொருத்தில் விரல் வழுக்கியது. கழற்றிப் பார்த்தால், உள்ளே இருக்க வேண்டிய வளையத்தைப் போடாமல் மூடியிருக்கிறது. பொருத்தியவன் நான்தான். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. பெட்டியில் கிடந்த லொறி வளையம் ஒன்றைப் போட்டு இறுக்கினேன்.

“இப்ப அடி பிள்ளை.”

அடித்தாள். ஐம்பது, எண்பது, நூறு. முள் நின்ற இடத்தில் நின்றது. நான் மரத்தை அண்ணாந்து பார்த்தேன். அதன் உச்சி பின்னால் சாய்ந்து, நடு மரம் முன்னால் புடைத்து வில்லாக வளைந்துகொண்டிருந்தது.

“நிப்பாட்டு! முறியப்போகுது!”

நிலானி விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்பா, வளையத்தானே வேண்டும்! வளைந்தால்தான் பாய் தட்டையாகும். உங்கள் ஊரில் மரம் வளையாதா?”

“எங்கடை மரம் வேறை” என்றேன். முள்முருக்கு, பூவரசு என்று வேலியில் நின்ற மரங்கள்தான் மனதில் ஓடின.

5

இடுப்பு நோகிறது என்று சொல்ல வேண்டிய நேரம் அது. நான் சொல்லவும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. மிதக்கும் சட்டை ஒன்றை எனக்கு மாட்டினார்கள். அதன் வாரை நான் மூச்சு முட்டுமளவுக்கு இறுக்கினேன். பாயை ஏற்றினார்கள். நான் ‘வரும்’ என்று சொன்ன காற்று, மானத்தை வாங்குவதற்கென்றே வந்தது. படகு ஒரு பக்கம் சரிந்து ஓடத் தொடங்கியது. நிலானி பம்பை அடித்து மரத்தை வளைத்தாள், படகு நிமிர்ந்து இன்னும் வேகமாக ஓடியது. உண்மையைச் சொன்னால் அந்த ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது. நான் பூட்டிய வெறான்.

அப்போது பஸ்தியான் எழுந்து சுக்கான் தடியை என் கையில் தந்தான். “உங்கள் முறை, கப்டன்.”

நிலானி போனைத் தூக்கிப் படம் பிடிக்கத் தயாரானாள். அவளுடைய முகத்தைப் பார்த்தேன். பத்து வயதில் கட்டுரையோடு ஓடிவந்த அதே முகம். தடியைப் பிடித்தேன்.

எதிரே ஒரு சரக்குப் படகு மணல் ஏற்றிக்கொண்டு வந்தது. ஒரு தெரு நீளம். கொஞ்சம் வலப்பக்கமாக வந்தது. சரி, நாங்கள் இடப்பக்கம் போவோம் என்று தடியை இடப்பக்கம் தள்ளினேன். சுக்கான் தடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும் என்று கடற்றொழிலாளிக்குத் தெரிந்திருக்கும். லொறிக்காரனுக்கு யார் சொன்னார்கள்? படகு நேரே மணலை நோக்கித் திரும்பியது. பயத்தில் இன்னும் தள்ளினேன். சரக்குப் படகு ஊதிய ஊதலில் என் நெஞ்சாங்கூடு அதிர்ந்தது.

“நிலா!” என்று அலறினேன். “எனக்கு ஓட்டத் தெரியாது! நான் கடலுக்கே போகேல்லை! ஒருநாளும் போகேல்லை! நான் மீன்பிடிகாரன் இல்லை! நீந்தவும் தெரியாது பிள்ளை!”

போனைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்தாள். தோளால் என்னை இடித்துத் தள்ளித் தடியைப் பிடுங்கித் தன் பக்கம் இழுத்தாள். பாயின் அடிக்கட்டை என் தலைக்கு மேலால் வீசிப் போனது. மணல் படகு நாலு முழத்தில் தாண்டிப் போனது. அதன் ஓட்டுநர் எங்கள் பரம்பரையைப் பற்றி ஏதோ சொன்னான்.

“உன் அப்பா என்ன சொன்னார்? ஏன் கத்தினார்?” என்று பஸ்தியான் நிலானியைக் கேட்டான்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவனிடம், “களைத்துவிட்டாராம். இடுப்பு நோகிறதாம்” என்றாள்.

6

திரும்பிவரும் ரயிலில் நிலானி என் முன்னால் இருந்தாள். இரண்டாவது ஸ்டேஷன் தாண்டியதும் சட்டைக் கையைச் சுருட்டி மணிக்கட்டைக் காட்டினாள். சின்னதாக ஒரு நங்கூரம் பச்சை குத்தியிருந்தாள். அது குத்தியபோது சுகந்தி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள்.

“இது யாருக்காகக் குத்தினேன் என்று தெரியுமா? பதினான்கு வயதில் பாய்ப்படகு பழகப் போனேனே, ஏன் போனேன் என்று தெரியுமா? அங்கே என்னைப்போல ஒரு பிள்ளையும் இல்லை. என் அப்பா கடற்றொழிலாளி, இது என் இரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லித்தான் நின்றேன். இரத்தத்தில் என்ன இருந்தது? ஒரு எழுத்துப்பிழை!”

பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அழுதுகொண்டிருந்தாள். முப்பது வருடத்தில் நான் படித்த பிரெஞ்சு முழுவதும் வெறானுக்கும் விசாவுக்கும் மட்டுமே போதுமான பிரெஞ்சு. ஆகையால் தமிழில் சொன்னேன்.

“நான் சுன்னாகத்திலை ட்ராக்டர் திருத்தினனான். முதலாளி எனக்குச் சாப்பாடும் போட்டுத் தொழிலும் தந்தவர். ஒரு பின்னேரம் ஷெல் விழுந்தது. நான் சோடா வாங்கக் கடைக்குப் போயிருந்தன். திரும்பி வர பட்டறையும் இல்லை, அவரும் இல்லை. அதைத்தான் இஞ்சை வந்து சொல்ல நினைச்சன். ஆனா கடதாசியிலை படகு எண்டு இருந்தது. அவங்கள் விசாரிச்ச அறைக்குள்ளை இருந்து, என்ரை படகு எரிஞ்சுபோச்சு எண்டு சொல்லி அழுதன் பிள்ளை. மொழிபெயர்க்கிற ஆளே தண்ணி எடுத்துத் தந்தவர். அழுதது உண்மை. எரிஞ்சது படகில்லை.”

எவ்வளவு விளங்கியதோ தெரியாது. சென்லசாரில் இறங்கி, என் கன்னத்தில் முத்தம் தராமல் மெட்ரோவுக்குப் போனாள்.

மூன்று வாரம் போன் இல்லை. சுகந்தி என்னோடு கதைப்பதைக் குறைத்துக் கறியில் உப்பைக் கூட்டினாள். “சின்ன வயசிலையே சொல்லியிருக்க வேணும். நான் சொல்லச் சொல்லக் கேட்டனீங்களோ?” என்றாள். கேட்கவில்லைத்தான்.

நாலாவது வாரம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. நீச்சல் குளம் ஒன்றின் முகவரி, ஞாயிறு காலை ஒன்பது மணி. ‘இறுக்கமான காற்சட்டை. தொளதொள என்றால் உள்ளே விடமாட்டார்கள். தலைக்குத் தொப்பி கட்டாயம்.’ கீழே இன்னொரு வரி. ‘கோடையில் கடலுக்குப் போகும்போது வெறான் தெரிந்த ஆள் ஒருவர் தேவை. என் படகில் நீந்தத் தெரியாத ஆளை ஏற்றமாட்டேன்.’

போனேன். இந்த நாட்டில் குளிப்பதற்கும் சட்டம் உண்டு. வாசலில் நின்றவன் என் காற்சட்டையின் நீளத்தைப் பார்த்துத் தலையாட்டி, சுவரிலிருந்த இயந்திரத்தைக் காட்டினான். அதில் விற்ற காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, ஐம்பத்தாறு வயது வயிற்றோடும் நீலத் தொப்பியோடும், ஊதிய வளையம் போட்ட ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் இறங்கினேன். மார்பளவு தண்ணீர். நான் கரையிலிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

நிலானி எனக்கு முன்னால் தண்ணீரில் நின்று கையை நீட்டினாள். “விடுங்கோ” என்றாள். தமிழில்.

“தண்ணிக்குள்ளை தாண்டுபோவன்.”

“தாழ மாட்டினம். நான்... நான் பிடிச்சி இருக்கு. விடுங்கோ அப்பா.”

பக்கத்தில் நின்ற ஐந்து வயதுக்காரி வாயைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாகப் போய்விட்டது. விட்டேன். அமிழ்ந்தேன், மூக்கால் தண்ணீர் குடித்தேன், எதையோ உதைத்தேன். அது மகளின் முழங்கால். அவள் பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். ஆனால் என் வயிற்றுக்குக் கீழே இருந்த இரண்டு கைகளும் விலகவில்லை.